மகளிடம் இருக்கும் பச்சை

மார்ச் 11, செவ்வாய்

எழுதப் பழகி இரண்டு மாதம். இன்று முழுப் பக்கமும் எழுதப் போகிறேன், அவ்வளவு சந்தோசம்.

லண்டனிலிருந்து மகள் ரெஜினா, தான் கணினியில் வரைந்த படமொன்றை என் போனுக்கு அனுப்பினாள். ஆள் இல்லை, வீடு இல்லை. பட்டை பட்டையாக நிறங்கள் மட்டும். உடனே அழைத்தேன்.

"நல்ல கடல், பிள்ளை. அந்தப் பச்சையில அடியில சாதாழைப் புல்லு கிடக்கு. அதில வலை விட்டாக் கிழிஞ்சிடும்."

விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அப்பா! அது அம்மாவின்ர சீலையள். அலுமாரியில அடுக்கி வச்சிருந்தவா, நினைவிருக்கோ? அந்தப் பச்சைச் சீலையைப் படமெடுத்து அனுப்புங்கோ."

"ஓம்" என்றுவிட்டேன். மனைவி திரேசா இறந்த பிறகு அந்தச் சீலையால்தான் படகு இஞ்சினை மூடி வருகிறேன். கரைக்கு ஓடி அதை அவிழ்த்து வந்து, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மண்ணெண்ணெய் மணம் போனது. உப்பும் வெயிலும் தின்ற நிறம் வரவில்லை. சாம்பலாகக் கிடக்கிறது.

ஈரச் சீலையின் மேல் போனை வைத்துப் பார்த்தேன். கோயில் திருநாளுக்குத் திரேசா உடுத்த அதே பச்சை, மகளின் படத்தில் அப்படியே இருக்கிறது. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

சீலை காய்ந்ததும் படமெடுத்து அனுப்புவேன். கீழே நானே எழுதுவேன்: இதுதான் பிள்ளை அந்தச் சீலை. நிறம் உன்னட்ட இருக்கு.