தூக்கிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

புது டயரின் வாசனை மட்டும் இத்தனை வருடத்தில் மாறவே இல்லை. அம்பாங்கானில் ஒரு சைக்கிள் கடைக்கு என் மகளோடு போயிருந்தேன். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கும், ரயிலிலிருந்து இறங்கி ஆபீசுக்கும் இனி சைக்கிளில்தான் போகப் போகிறாளாம். கடைக்காரர் இரண்டை எடுத்து முன்னால் நிறுத்தினார். ஒன்று அலுமினியம், மற்றது கார்பன். கார்பன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நடுக்கடையில் ஒரு கிழவி தனியாகச் சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மகள் என் கையைக் கிள்ளினாள். நீ இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பாய் என்று நினைத்தேன். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை, உன் வலது தோள்தான் வரும். சின்ன வயதிலேயே பால்மரம் சீவப் போனவள் நீ. தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனையிலும் பால் வாளியுமாக மேடும் பள்ளமும் நடந்து நடந்து, அந்த இடத்தில் ஒரு குழியே விழுந்திருந்தது. நாற்பதைத் தொடுவதற்குள் அந்தக் கை காதுக்கு மேலே போக மறுத்துவிட்டது. தலை பின்னிவிட என்னைக் கூப்பிடுவாய். "இறுக்காதடி, மண்ட வலிக்குது" என்று திட்டவும் செய்வாய். ஓசியில் பின்னிவிடுகிறவளைத் திட்டுவதற்கு உன்னால்தான் முடியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லாபுவில் நம் ரப்பர் தோட்டத்தை விற்றார்கள். மரங்களை நிரை நிரையாகச் சாய்த்தார்கள். தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரருக்கும் வேலை போனது. அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்கு வேறு வேலை அமையும்வரை உன் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமானால் நீதான் போக வேண்டும். நீலாய்ப் பக்கம் புதிதாக வந்திருந்த ஃபேக்டரியில் நாம் இருவரும் சேர்ந்தோம். சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஃபேக்டரி பஸ் நாம் குடியிருந்த லயத்துக்கு வராது, பெரிய சாலையோடு சரி. அதுவரைக்கும் சைக்கிள்தான். நடுவில் ரயில் பாதை.

அந்த நேரம் பார்த்துத்தான் ரயில்காரர்களுக்கு வேலி போடத் தோன்றியது. இன்னொரு தண்டவாளம் வருகிறது, மின்சார ரயில் ஓடப் போகிறது என்றார்கள். நாம் பிறந்ததிலிருந்து கடந்து போன ரயில் கேட்டை அடைத்தார்கள். ஏறி இறங்க ஒரு பாலம் கட்டினார்கள், படிகள் வைத்து. மனிதர்கள் ஏறலாம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எப்படி ஏறுவது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பாலத்தைத் தாண்டிப் பெரிய சாலைக்கு நடந்தால் பஸ் போயே போய்விடும். அந்தப் பக்கம் ஒரு சைக்கிளை விட்டுவைத்தவர்களும் உண்டு. மறுநாள் சக்கரம் இல்லாத சைக்கிளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

உன்னிடம் இருந்தது உன் மாமனார் காலத்து இரும்பு சைக்கிள். கன்றுக்குட்டியைத் தூக்குகிற கனம். முதல் நாள் நீ அதைத் தோள்வரை கொண்டுபோகப் பார்த்து, கை எழும்பாமல், படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டாய். நான் என் சைக்கிளை மேலே வைத்துவிட்டு வந்து உன்னுடையதையும் தூக்கிப் போனேன். இப்படியே ஒரு வாரம் ஓடியது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. நீ நன்றி சொல்வாய் என்று பார்த்தால், ஒருநாள் படியில் நின்றபடி கேட்டாயே, "நீ தூக்குறது எனக்கு ஒதவி இல்லடி. ஷிஃப்ட்டு மாத்திட்டா நான் யார்கிட்டப் போயி நிப்பேன்?"

நீ வாய் வைத்ததுபோல் மறு வாரமே மாற்றிவிட்டார்கள். எனக்கு மதிய ஷிஃப்ட், உனக்குக் காலை. பாலத்தடியில் சில இளவட்டங்கள் நிற்பார்கள். "அக்கா, தூக்கி விடவா?" என்று ஒருவன் கேட்பான், மற்றவர்கள் இளிப்பார்கள். நீ அவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் ஒவ்வொரு படியாகச் சைக்கிளை இழுத்துக்கொண்டு ஏறுவாயாம். இரண்டு முறை பஸ் போய்விட்டது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, இன்னொரு தடவை தாமதமானால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் உன் மாமியாரோ, "பேசாம வீட்டுல இரு, எல்லாரும் என்ன பட்டினியாவா கெடக்குறாங்க" என்றார். பட்டினி கிடக்காமல் இருந்ததே உன் சம்பளத்தில்தான் என்பதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை சிரம்பானுக்குப் போனோம். சீனர் கடை, கூரையிலிருந்து சைக்கிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். எல்லோரும் சைக்கிளை ஓட்டிப் பார்த்து வாங்குவார்கள். நீ ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாய். கடைக்காரத் தவுக்கேக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓட்டிப் பாக்கலியாடி?" என்று நானும் கேட்டேன். "ஓட்டுறதெல்லாம் ஓட்டிருவேன். தூக்குறதுதான் இப்ப பேச்சு" என்றாய். கடைசியில் அவர் உள்ளே போய் ஒரு வெள்ளி நிறச் சைக்கிளைக் கொண்டுவந்தார். "இனி அலுமினியம். ரிங்கான் லா!" என்று மலாயில் சொல்லி ஒரே கையால் உயர்த்திக் காட்டினார். இதுதான் இலேசு என்பதை அவர் சொல்லவே வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிந்தது.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. கறுப்பு சைக்கிள், குனிந்து ஓட்டும் வெள்ளைக்காரன். அது என்ன என்று கேட்டாய். கார்பன், அலுமினியத்தைவிடவும் இலேசு, பந்தயம் ஓடுகிறவர்கள் வைத்திருப்பது என்றார். நீ என் பக்கம் திரும்பினாய். உன் முகத்தில் அப்படியொரு கவலை.

"கார்பனா? தோட்டத்துக் கிராணி ஆபீஸ்ல கணக்க ரெண்டு தாளுக்கு நடுவுல வச்சு எழுதுவாரே, அதுலயா சைக்கிள் செய்றாங்க?"

"எனக்கென்னடி தெரியும்?"

"மழ பேஞ்சா ஊறிப் போயிராது? கையெல்லாம் மை ஒட்டுமே லா!"

நான் சிரித்த சிரிப்பில் தவுக்கேயும் விஷயம் புரியாமலே சிரித்தார். அன்றிலிருந்து பார்வைக்குப் பகட்டாக இருந்து காரியத்துக்கு ஆகாத எதுவும் நமக்குக் கார்பன் சைக்கிள்தான். ஃபேக்டரிக்கு டை கட்டிக்கொண்டு வந்த அந்தப் புது மேலாளரைப் பார்த்ததும் நீ என் காதில் சொன்னாய், "வந்துருச்சுடி கார்பன் சைக்கிளு." பாவம், கார்பனை நாம் ரொம்பவே இழிவுபடுத்திவிட்டோம். கடைக்காரர் இன்று மகளுக்கு விளக்கினார்: நூலை நெய்து, அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டித்தான் செய்கிறார்களாம். தாள் என்று நீ சொன்னதில் பாதி சரிதான் போலிருக்கிறது.

அந்த அலுமினிய சைக்கிளில் ஒரே ஒரு குறை, அது ஆண்கள் ஓட்டுவது. நடுவில் குறுக்குக் கம்பி இருந்தது. ஃபேக்டரிக்குச் சேலையா கட்டுகிறோம், சிலுவார்தானே போட்டுக்கொண்டு போகிறோம், கம்பி இருந்தால் என்ன என்று நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ இடது கையால் கம்பியைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி, வலது தோளில் போட்டுவிட்டாய். காண்டா விழுந்து விழுந்து பள்ளமான அதே இடத்தில் கம்பி போய் உட்கார்ந்தது. பழக்க தோஷத்தில் கழுத்தைக்கூட ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாய். கடைக்குள்ளேயே நாலடி நடந்து காட்டினாய். இத்தனை வருடம் உன்னை வதைத்த குழி அன்றைக்கு ஒருநாள் உனக்கு வேலை செய்தது. "இதுதாண்டி" என்றாய். விலையை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் உன் மாமியார் எழுந்து வந்துவிடுவார்.

லயத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். நமக்கு அலுமினியம் என்றால் சோற்றுப் பானை, ரப்பர் பால் உறைய வைக்கிற தட்டு. அண்ணன் சைக்கிளை விரலால் தட்டி, பானையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி காதை வைத்துக் கேட்டார். "சட்டி லா இது! ஒடஞ்சா யாரு ஒட்ட வைப்பா? இரும்புன்னா பத்த வச்சுக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரும்பு வளையும், நிமிர்த்தலாம், பற்ற வைக்கலாம். அலுமினியத்தைத் தொட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கல்லும் குழியுமான சாலையில் அது உடம்பை உலுக்கி எடுக்கும் என்றும் பிறகு தெரிந்துகொண்டாய். எல்லாம் தெரிந்தும் அதைத்தான் வைத்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் அண்ணன் செய்ததுதான் கூத்து. வேலையில்லாமல் வீட்டில் இருந்த மனிதருக்கு உனக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. பழைய சைக்கிளிலிருந்து இரும்புக் கேரியரைக் கழற்றி இதில் மாட்டினார். இரட்டைக்கால் ஸ்டாண்டு மாட்டினார். முன்னால் கூடை, பக்கத்தில் டைனமோ, சங்கிலிக்கு மூடி. மாட்டி முடித்துத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு, "இப்பதான் சைக்கிள் மாதிரி இருக்கு" என்று உன் முகத்தைப் பார்த்தார். நீ சிரித்தாய். மறுநாள் காலையில் அது பழைய இரும்பு சைக்கிளின் கனத்துக்கு வந்திருந்தது. அன்றைக்கு நீ பஸ்ஸைப் பிடித்ததே பெரிய விஷயம். பிடித்திருக்காவிட்டால் வேலை அன்றோடு போயிருக்கும்.

அண்ணனிடம் சொல்லியிருக்கலாம் என்றேன். "ஆசையா மாட்டுனாருடி. வேல இல்லாம கூனிக் கெடந்த மனுசன். எப்படிச் சொல்றது?" என்றாய். சொல்வதற்குப் பதிலாக டிபன் பையில் ஒரு ஸ்பேனரைப் போட்டுக்கொண்டாய். முதலில் ஸ்டாண்டு காணாமல் போனது. அடுத்து சங்கிலி மூடி. கேரியர் போன அன்று உன் மாமியார் வாசலில் நின்று, திருடினவன் கை விளங்காமல் போக என்று மண்ணை வாரித் தூற்றினார். நீ அடுப்படியில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாய். நான் பக்கத்து வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் நேராக என்னிடம்தான் வந்தார். "தங்கச்சி, சைக்கிள்ல இருக்கிறது ஒண்ணொண்ணாப் போகுது. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. "அண்ணே, நாளைக்குக் காலையில பாலத்துக்கு வாங்க. வந்து பாருங்க, ஒண்ணும் பேசாதீங்க" என்றேன். எனக்கு மதிய ஷிஃப்ட்தான். இருந்தாலும் நானும் போனேன்.

பனி விலகாத நேரம். நீ வந்து இறங்கினாய், எங்களைப் பார்த்தாய், நேராகப் படிக்கட்டுக்குப் போனாய். கூடையும் டைனமோவும் இன்னும் இருந்தன. இடது கையால் தூக்கினாய், முதல் தடவை தோளுக்கு வரவில்லை. அண்ணன் பாய்ந்து வந்தார்.

"வேணாங்க. கைய வைக்காதீங்க" என்றாய்.

"விழுந்துருவ லா!"

"விழுந்தா எந்திரிச்சுக்குவேன். நாளைக்கும் நான்தானே ஏறணும்?"

இரண்டாவது தடவை தோளுக்கு வந்தது. நீ ஏறினாய். அவர் ஒரு படி பின்னால், இரண்டு கைகளையும் நீட்டியபடி, தொடாமல் ஏறினார். நீ காண்டா சுமந்த காலத்தில் அவர் லோரியில் இருந்தார். உன் தோளில் கனம் ஏறுவதை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் இறங்கி நீ சைக்கிளில் ஏறிப் போன பிறகும் அவர் பாலத்தின் மேலேயே நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை கூடையையும் டைனமோவையும் அவரே கழற்றினார். நீ நிரந்தரம் ஆனாய். சூப்பர்வைசரே ஆனாய். அந்தச் சைக்கிள் சீட்டுக்குக் கீழே விரிசல் விடும்வரை ஓடியது. விரிசலைப் பார்த்ததும் அண்ணன், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார், பல வருடம் காத்திருந்து.

மகளிடம் இன்று இந்தக் கதை எதையும் சொல்லவில்லை. எதை எடுக்கட்டும் என்று கேட்டாள். உனக்கு எங்கே, எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு அலுமினியமே போதும் என்று அவளாகச் சொன்னாள்.

இனி எழுத நினைத்ததற்கு வருகிறேன். சென்ற வருடம் நீ போன அன்று, உங்கள் ஃப்ளாட்டின் லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. ஓடியிருந்தாலும் உன்னை வைத்த பெட்டி உள்ளே போயிருக்காது. படி வழியாகத்தான் இறக்க வேண்டும். ஆண்கள் நாலு பேர் தூக்கினார்கள். முதல் திருப்பத்தில் பெட்டி சாய்ந்தது. நான் உள்ளே புகுந்து ஒரு மூலைக்கு என் தோளைக் கொடுத்தேன். "பொம்பளைங்க ஒதுங்குங்க" என்று யாரோ அதட்டினார்கள். மேலே படியில் நின்ற அண்ணன் சொன்னார், "விடுங்க. அவ தூக்கட்டும்."

மூன்று மாடி. இறங்கி முடிக்கிறவரை நான் மாற்றிக் கொடுக்கவில்லை. யாரையும் கை வைக்க விடாதவள் நீ. அன்று உன்னைக் கேட்காமல் தூக்கினேன். நீ ரொம்பக் கனமாக இருந்தாய். கீழே வண்டியில் வைத்துவிட்டார்கள், அந்தக் கனம் என் தோளிலிருந்து இன்னும் இறங்கவில்லை. இருக்கட்டும். இதை மட்டும் என்னிடமிருந்து வாங்காதே.