ஏழாவது கேள்வி

மார்ச் 11, 2025

ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டது! பன்னிரண்டு வருடமாக ஓசூர் தாலுகா நிருபர். ராகிக் காட்டில் யானை, ஹைவேயில் லாரி கவிழ்ந்தது, கலெக்டர் ஆய்வு. இனி ஆறு மாதத்துக்கு ஒரே செய்தி: தகடு வெட்டும் மிஷின்களில் விரல் போகிற பெண்கள். என் வீட்டுக்காரர் பென்சன், "அந்த யானைங்களுக்கு இனி யாரும்மா இருக்கா?" என்கிறார். கிண்டலைப் பார்.

மார்ச் 30

சர்ச்சுக்குப் போகாமல் கெலமங்கலம் போனேன். மாதம்மாள் வாய் திறந்தாள், ரெக்கார்ட் பண்ணவும் விட்டாள். ஜனவரியில் அங்குள்ள தகடு கம்பெனியில் செல்லி என்ற பெண்ணுக்கு மூன்று விரல் போனபோது பக்கத்து மிஷினில் நின்றவள் இவள்தான்.

"கை உள்ள போனா மிஷின் தானா நிக்கறதுக்கு சென்சார் இருக்குதுக்கா. பீஸ் கவுண்ட்டு டார்கெட்டுக்கு வரலன்னு அத ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க. செல்லி கத்தறா, சூப்பர்வைசர் கிட்ட வந்து, 'மொதல்ல கவுண்ட்ட எழுதிக்கோ, அப்புறம் அவளத் தூக்கு'ன்னாரு."

எழுந்து வரும்போது கேட்டாள்: "எம் பேரு வராதில்லக்கா?"

வராது என்றேன்.

மே 6

செல்லியைத் தேடி ஊத்தங்கரை போனேன். கதவைப் பாதி திறந்து, "படிக்கட்டுல வுழுந்துட்டங்க" என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள். கம்பெனி ரிஜிஸ்தரிலும் அதேதான். ஆக, மாதம்மாளை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

ஜூன் 2

ஃபெல்லோஷிப் எடிட்டர் பிரவீனா சென்னையிலிருந்து பேசினார். வெளியிடும் முன்பு கம்பெனிக்குக் கேள்விகள் அனுப்பி, பதில் சொல்லப் பத்து நாள் கொடுக்கவேண்டும். கட்டாய விதி. "பொத்தாம்பொதுவா கேக்காதீங்க ஜெபசீலி. தேதி, ஷிப்ட், சொன்ன வார்த்தை, எல்லாம் இருக்கணும்."

ஒன்பது கேள்வி எழுதினேன். ஏழாவதுதான் அருமையாக வந்தது: 'மொதல்ல கவுண்ட்ட எழுதிக்கோ' என்று உங்கள் சூப்பர்வைசர் சொன்னது உண்மையா? பிரவீனாவே, "இது ஒண்ணு போதும்" என்றார். அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். நாள் முழுக்கக் கால் தரையில் இல்லை.

ஜூன் 5

காலை ஏழு மணிக்கு மாதம்மாள் போன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் உள்ளே போக, இவள் மட்டும் வெளியே.

"அந்த வார்த்தையக் கேட்டது நானும் செல்லியும்தாங்க்கா. செல்லி பேசலன்னு அவங்களுக்குத் தெரியும். ஏங்க்கா அதப் போட்டீங்க?"

எனக்கு ஏன் தோணல? ஒரு நிமிஷம்கூடத் தோணலையே! பன்னெண்டு வருஷம் என்னத்தக் கிழிச்சேன்? வேலியில் போன ஓணானைப் பிடித்து அவள் மடியில் விட்டுவிட்டேன்.

ஜூன் 6

பேர் வராது என்றேன். வரவில்லைதான்.

ஜூன் 9

மூன்று கம்பெனியில் அவளுக்காகக் கேட்டேன். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்கள் எல்லோரிடமும் அவள் பேர் போயிருக்கிறது.

ஜூன் 12

கம்பெனியின் பதில் வந்தது. கூடவே மாதம்மாள் கையெழுத்துப் போட்ட கடிதம்: ஜெபசீலி என்பவரிடம் நான் எதுவும் சொன்னதில்லை, பொய் சொல்லும்படி அவர்தான் என்னை வற்புறுத்தினார்.

பிரவீனா பதறவே இல்லை. "ரெக்கார்டிங் இருக்கே. அனுப்புங்க. மிரட்டி எழுதி வாங்கினாங்கன்னும் சேத்துப் போடலாம்."

ஜூன் 13

கெலமங்கலம். மாதம்மாள் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"கையெழுத்துப் போட்டா சேத்துக்கறம்னாங்க. போட்டுட்டன். உங்களப் பொய்க்காரின்னு எழுதிட்டன். மனசுல வெச்சுக்காதீங்க்கா."

அவளே தொடர்ந்தாள். "அந்தப் பேச்சு உங்க போன்ல இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அது வெளிய வந்தா எனக்கு இந்த ஊர்ல சோறு இல்லீங்க்கா."

ஜூன் 14

அழித்துவிட்டேன். போனில், லேப்டாப்பில், எல்லா இடத்திலும்.

பிரவீனாவிடம் சொன்னேன். "அந்த சென்சார் ஆஃப்லயே இருக்கும், தெரியுமில்ல? இன்னும் எத்தனை செல்லி ஜெபசீலி?" என்றார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் சொன்னது சரி. மாதம்மாள் கேட்டதும் சரி. நான் ஒருத்திதான் தப்பு.

ஜூலை 9

மெயில்: செய்தியைச் சரிபார்க்க இயலாததால் ஃபெல்லோஷிப் ரத்து. கம்பெனி அந்தக் கடிதத்தை எங்கள் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறது. ஆசிரியர், "கொஞ்ச நாள் எழுதாம இரும்மா" என்றார். பென்சன் இன்று கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 10

அழுதேன்.

ஆகஸ்ட் 21

கெலமங்கலம் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள் மாதம்மாள். பார்க்காதது போல் போய்விடலாம் என்று நினைத்தேன். அவளே பக்கத்தில் வந்தாள்.

"சேத்துக்கிட்டாங்களா?" என்றேன்.

"சேத்துக்கிட்டாங்க்கா. இப்ப செல்லி மிஷினு எனக்கு."

"சென்சார்?"

பஸ் வருகிறதா என்று பார்த்தாள். "டார்கெட் ஏத்திட்டாங்க்கா" என்றாள்.

பஸ் வந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறினாள். அவள் விரல்களை எண்ணினேன். பத்து.