அம்மாவின் தொண்டையில் வெளிச்சம்

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் உதடு அசைவதைத்தான் முதலில் பார்த்தேன். கழுத்துவரை போர்வை, மூடிய கண், மங்கலான விளக்கு. கனவு காண்கிறாள் போல என்று நினைத்தேன். பிறகுதான் அவள் தூங்கவில்லை என்று தெரிந்தது.

நலம் விசாரிக்காமல் உதட்டில் ஆரம்பித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கப்பல் கம்பெனி ஆபீஸில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன்னிடம் சேர்த்துவிடுவார்களாம். போனில் எனக்கு வார்த்தை வராது, உனக்குத் தெரியும். எழுதினால் வரும். அதனால் பொறுமையாகப் படி.

அம்மாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. பயப்படாதே என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நானே பயந்துபோய்த்தான் இருக்கிறேன். கட்டி அந்த ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க, நான் வேலை பார்க்கும் இடத்துக்கே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

என் வேலை பற்றி உனக்குச் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். இங்கே அதற்கு நேர்மாறு. ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் படுத்திருக்க வேண்டும். அவர்களைக் கதிர் தடுக்கும் ஈயக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நானும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது பேசினால் கண்ணாடியை மெல்லத் தட்ட வேண்டும். குளிர்கிறது என்று கை காட்டினால் இன்னொரு போர்வை கொடுக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பதினெட்டு முடிந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி, "பேசாம இருக்கறதுக்கு ஒரு சம்பளமா, எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு இடம் பாருடி" என்று கேட்டுச் சிரிக்கிறார்.

ஏன் பேசக்கூடாது என்றால், கட்டி சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னும். அதனால் சர்க்கரை மாதிரியே ஒன்றைச் செய்து, கதிர் வீசும் அணு ஒன்றை அதில் கோத்து, ஊசியில் ஏற்றுகிறார்கள். அது போய்ச் சேரும் இடம் படத்தில் ஒளிரும். ஆனால் சர்க்கரைக்கு நல்லது கெட்டது தெரியாது. உழைக்கிற தசை எங்கே இருந்தாலும் அங்கேயும் போய்விடும். யாருக்கும் தெரியாமல் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு, படத்தில் இரண்டு கையும் விரல் நுனிவரை வெளிச்சம். பேசினால் தொண்டை ஒளிரும்.

அந்தச் சர்க்கரை மருந்தைச் செய்கிற இடம் எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறது. விடிந்ததும் மெஷின் ஓடும். செய்து முடித்த நிமிடத்திலிருந்தே கதிர் குறைந்துகொண்டு போகும், இரண்டு மணி நேரத்துக்குள் பாதிதான் மிச்சம். அதனால் அதை எல்லாரும் மாப்பிள்ளை என்கிறார்கள். வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும், வந்தால் நிற்க மாட்டார், காக்க வைத்தால் பாதியாகிவிடுவார். ஈயப் பானையில் வைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, "மாப்பிள்ளை கிளம்பிட்டாருடி" என்று கீழேயிருந்து போன் வரும். செய்கிற கெமிஸ்ட் அக்காவுக்குப் புயல் என்று பெயர். அவர் நடந்து போனால் காகிதம் எல்லாம் பறக்கும்.

இனி அம்மா விஷயம். உதடு அசைந்ததும் தட்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். மறுபடியும் தட்டினேன். நர்ஸ் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உடனே அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு உதடு தெரியவில்லை. ஆனால் காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடம் அசைந்துகொண்டே இருந்தது. போர்வைக்குள் ஒரு விரல் ஆடியது. நடுநடுவே நின்றாள். யாரோ பதில் சொல்வதைக் கேட்கிற மாதிரி நின்றுவிட்டு, மறுபடி வேகமாக ஆரம்பித்தாள்.

என்னைத் திட்டும்போது அம்மா நடுவில் நிறுத்துவதே இல்லை. நான் எதிர்த்துப் பேச மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அப்படி இடம் விட்டுத் திட்டுவது ஒருத்தியைத்தான்.

நேற்று டாக்டர் கூப்பிட்டார். திரையில் அம்மா இருந்தாள், விமானத்திலிருந்து பார்க்கிற ஊர் மாதிரி. மார்பில் ஒரு விளக்கு. தொண்டையில் அதைவிடப் பெரிய வெளிச்சம். "நோயா இருக்கலாம், பேசினதாலயும் இருக்கலாம். ஆனா லேசா முணுமுணுத்தா இவ்வளவு வராது. எவ்வளவு நேரம்மா பேசினீங்க?" என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் வாயையே திறக்கல" என்றாள்.

நான் "பேசினாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் திரும்பிப் பார்த்ததும் இன்னொரு தடவை சொன்னேன். அம்மா, "இது வாயில்லாப் பூச்சி டாக்டர். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசும், அதுல ரெண்டு தப்பாப் போயிடும். ரூம்ல ஆளே இல்லையே, நான் யார்கூடப் பேச?" என்றாள். யாருடன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அம்மா அந்த நாற்காலியிலேயே உடைந்துவிடுவாள் என்றும் தெரியும்.

தொண்டையில் இருப்பது என்னவென்று தெரியாமல் ஆபரேஷன் கிடையாதாம். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டி வரலாம். அது நோய் என்று ஆகிவிட்டால், ஆபரேஷன் என்ற பேச்சே இல்லை, வேறு வழி பார்க்க வேண்டும் என்றார். "வேறு வழி" என்னும்போது டாக்டர் பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மா துணி மடித்தாள். நான் உனக்கு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பூச்சி

*

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கடலில் தபால்காரர் ஏது என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். போன கடிதம் கிடைத்திருந்தால் நீ தூங்கியிருக்க மாட்டாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டையில் ஒன்றும் இல்லை. இனி மெதுவாகப் படிக்கலாம்.

புயல் அக்கா கீழே ஒரு வருஷமாக ஒரு புது மாப்பிள்ளையைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். இது சர்க்கரை இல்லை. அம்மாவுக்கு வந்திருக்கும் வகைக் கட்டியின் மேல் சின்னச் சின்னப் பூட்டுகள் இருக்குமாம். இந்த மருந்து அந்தப் பூட்டுக்கு மட்டும் பொருந்துகிற சாவி. பேசினாலும் பாடினாலும் தசைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. சிலருக்கு மட்டும் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறார்கள். "திரும்பவும் அதே சர்க்கரையை ஏத்தறதுக்குப் பதிலா இதைப் பார்க்கலாம். உங்க கட்டிக்கு இது பொருந்தும், ஆனா கட்டாயம் இல்லை" என்று டாக்டர் அம்மாவிடம் விளக்கினார். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "பேசக் கூடாதுன்னு இதுலயும் உண்டா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் சம்மதித்தாள்.

முதல் நாள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தோம். போன் வரவே இல்லை. கடைசியில் புயல் அக்காவே மேலே ஏறி வந்தார், மெதுவாக. அவர் மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. செய்த மருந்தைச் சோதித்துப் பார்த்தால் காகிதத்தில் விழும் கோட்டில் ஒரே ஒரு மலை வர வேண்டுமாம். அன்று மலைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மேடு. கலப்படம் இருக்கிறது என்று அர்த்தம். "கதிர் அணு மெஷின்லேர்ந்து தண்ணியிலதான் வரும். அந்த ஈரத்தை முழுசா ஓட்டணும். ஒரு துளி நின்னாலும் மருந்துல சரியா கோக்காது. போதும்னு நினைச்சேன், போதல" என்று அம்மாவிடம் நேராகவே சொன்னார். மேடு சின்னதுதானே, போட்டால் என்ன என்று நர்ஸ் கேட்டதற்கு, "என் அம்மாவுக்குப் போட மாட்டேன்" என்றார். அன்றைய மருந்து முழுவதும் ஈயச்சுவருக்குள்ளேயே கிடந்து அடங்கிப்போனது.

அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்தப் பொண்ணு திமிர் பிடிச்சவ. நல்ல திமிர்" என்றாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு எல்லாமே தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஒருவர் மாற்றி ஒருவர் வந்து படுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குள் வெளிச்சம் ஓடிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தெருவில் யாரைப் பார்த்தாலும், இவருக்கு எந்த இடம் ஒளிரும் என்று தோன்றும். ரொட்டிக் கடைக்காரருக்குத் தோள். பஸ் டிரைவருக்கு வலது கால். எனக்கு ஒரு இடமும் இருக்காது, கண்ணைச் சுற்றி வேண்டுமானால் கொஞ்சம். உனக்கு நிச்சயம் நாக்கு.

இரண்டாம் தடவை, வெயில் ஏறுவதற்கு முன்பே போன் அடித்தது. நர்ஸ் எடுத்துக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "ஒரே மலை! வேற ஒண்ணுமே இல்லை! மாப்பிள்ளை கிளம்பிட்டார், வழியை விடுங்க!" என்று புயல் அக்கா கத்தினார். தள்ளுவண்டிக்குப் பின்னால் அவரே ஓடி வந்தார். வண்டி தள்ளுகிறவர், "மேடம், என் வேலைக்கும் ஆசைப்படாதீங்க" என்றார்.

ஊசி போட்ட பிறகு அம்மா மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தபடி இருந்தாள். இந்தத் தடவை பேசத் தடை இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணிலிருந்து மட்டும் காதுப் பக்கமாக ஒரு கோடு இறங்கியது. அதற்குக் கண்ணாடியைத் தட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதுப் படத்தில் ஈரலில் கொஞ்சம் வெளிச்சம், அது எல்லாருக்கும் வருமாம். மார்பில் அந்த ஒரு விளக்கு, பழையதைவிடப் பளிச்சென்று. தொண்டை இருட்டு. அப்படி ஒரு அழகான இருட்டை நான் பார்த்ததே இல்லை அக்கா. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆக, உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. அன்னைக்கு ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கியிருக்கீங்க. யாரும்மா அது, அவ்வளவு திட்டு வாங்கினது?" என்று கேட்டார்.

அம்மா ரொம்ப நேரம் படத்தையே பார்த்தாள். பழைய படத்தை, தொண்டை எரிகிற படத்தை. பிறகு, "மூத்தவ" என்றாள். மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. டாக்டர், "எங்க இருக்காங்க?" என்றார். "தண்ணியில" என்றாள். டாக்டர் முகம் மாறியதைப் பார்த்து நான்தான் அவசரமாக, "கப்பல்ல, சமையல் வேலை" என்றேன். ஒரே நாளில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான்.

நீ கப்பலுக்குக் கிளம்பிய அன்று, வாசலைத் தாண்டினால் திரும்பி வராதே என்று அவள் சொன்னதும், சரி என்று நீ செருப்பை மாட்டியதும் நான் கதவு இடுக்கில் நின்று பார்த்ததுதான். யார் பக்கம் நியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அம்மா உன்னோடு என்ன பேசினாள் என்று அந்தக் கருவிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வேறு யாரிடமும் அவள் சொல்லப்போவதும் இல்லை. நீ வந்தால்தான் வெளியே வரும்.

ஆபரேஷன் அடுத்த மாதம் முதல் வாரம். வர முடிந்தால் வா. முடியாவிட்டால் அதற்கு முன்னால் ஒரு போன் செய். அவள் எடுக்க மாட்டாள். நான் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவள் காதில் வைத்துவிடுகிறேன். நீ எதிர்த்துப் பேசு, பரவாயில்லை. அவள் அதற்குத்தான் இடம் விட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீ போகும் தண்ணீரெல்லாம் அலையில்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை,
பூச்சி

பின்குறிப்பு: உறையில் போடும் சமயம் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். யாருக்கு என்று கேட்டாள். அக்காவுக்கு என்றேன். மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். பிறகு, "கப்பல்ல ராத்திரி குளிருமான்னு கேளு. நான் கேட்டேன்னு எழுதாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எழுதிவிட்டேன்.