சர்க்கரை டப்பா இருக்கும் இடம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கவலை வேண்டாம். உங்கள் முதுகுவலி தேவலையா? பெரியவன் இன்னும் சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டுத்தான் எழுந்து போகிறானா?

இங்கே ஒரு கூத்து. நான் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெறும் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். நிரப்புவது நான். "நீ நிரப்பாதே, பிள்ளைங்களுக்கும் தெரியட்டும்" என்றார் அவர்களின் அம்மா. விளையாடிவிட்டு வந்த சின்னவள் கதவைத் திறந்ததும், "ஃப்ரிட்ஜ் ரிப்பேர், தண்ணியே வரல!" என்று அலறினாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு அவளைக் குழாயடியில் நிறுத்தி, நிரப்பச் சொல்லிக்கொடுத்தேன்.

"உங்க வீட்ல இதையெல்லாம் யாரு செய்வாங்க?" என்றாள்.

"என் பொண்ணு."

"அவளுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

பாட்டில் நிரம்பி வழிந்தது. குழாயை மூடிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

போன லீவில் நம் வீட்டுக்கு வந்தபோது நான் சர்க்கரை டப்பாவைத் தேடியது நினைவிருக்கிறதா? "நீ உட்காரும்மா, உனக்கு எது எங்கே இருக்குன்னு தெரியாது" என்று பாப்பாதான் டீ போட்டுக் கொடுத்தாள். விருந்தாளி மாதிரி வாங்கிக் குடித்தேன்.

அவளைத் தனியாக அடுப்படியில் விடாதீர்கள். பெரியவன் பாத்திரம் கழுவட்டும். நீங்களும் கூடமாட நில்லுங்கள்.

அப்புறம், அந்த டப்பா இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். வரும்போது அவளுக்கு நான் ஒரு டீ போட்டுக் கொடுக்க வேண்டும்.

சின்னவள் கூப்பிடுகிறாள், போகிறேன்.

பாப்பாவின் அம்மா