முளைவிட்ட பயறு

என் வீட்டுக்காரருக்கு மணியம்மாள் வணங்கி எழுதுவது. கும்மிடிப்பூண்டியில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் சமைக்கிற கல்லூரி விடுதியில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. சன்னலில் யாரோ ஈரத்துணியில் கட்டியிருந்த பச்சைப்பயறு முளைவிட்டிருந்தது. மழையில் நனைந்த நம் அறுவடை மாதிரி வீணாகிவிட்டதென்று மாட்டுக்குப் போட்டுவிட்டேன். வள்ளூர்ப் பெண் கிறிஸ்டினா ஓடி வந்தாள்.

"இன்னா ஆயா இப்படிப் பண்ணிட்டே? மெஸ்ஸுல காலை நாஷ்டாவுக்கு டப்பு கட்டல. சத்தா துன்றதுக்கு அதான் என்கிட்ட இருந்துது!"

"முளைச்சத மாடுதாம்மா துன்னும்."

அவள் சிரித்துவிட்டு, வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போனாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயறு முளைக்காமல் காப்பாற்றுவதில் என்னை மிஞ்ச நம் ஊரில் யார்? இவள் முளைக்க வைத்துத் தின்கிறாள்.

அவளுக்குக் கொடுக்க விதைப் பயறில் ஒரு படி அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. பால் பொங்குகிறது, நிறுத்துகிறேன். வழியில் நனைந்து முளைத்துவிட்டால் எறிந்துவிடாதீர்கள்.

மணியம்மாள்