இரண்டாம் வார்த்தை

2 மார்ச் 2025, ஞாயிறு

இன்று சபையில் சாட்சி சொன்னேன். போன மாதம் பினாங்கின் பிறை வட்டாரத்தில் உள்ள எங்கள் தொழிற்சாலையில், பிளாஸ்டிக் வார்க்கும் மெஷினுக்குள் என் வலது கை இருந்தபோதே அச்சு மூட ஆரம்பித்தது. கையுறை நுனி மட்டும் நசுங்கியது. மெஷின் தானாக நின்றது என்றேன். "கர்த்தர் நிறுத்தினார்" என்று முடித்தேன். ஒரே கைதட்டல். பாஸ்டர் குணாளன் பத்து விரலையும் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

வெளியே வந்ததும் அவர், "பெரிய வெள்ளிக்கு ரெண்டாவது வார்த்தை உங்களுக்கு, பிரதர் தங்கராஜு" என்றார். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரித்துக்கொண்டு பேசுவது எங்கள் வழக்கம். இரண்டாவது, பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு, இன்றைக்கு நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்று சொன்னது. சரி என்று தலையாட்டினேன். பெருமை வேறு.

கர்த்தர் நிறுத்தினார், உண்மைதான். ஆனால் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்தது கூட வேலை செய்யும் ஹாரிஸ். அதை ஏன் விட்டேன்?

5 மார்ச், புதன்

சாம்பல் புதன். லெந்து முடிந்து ஈஸ்டர் வரும்வரை காப்பி குடிக்க மாட்டேன் என்று பிரமிளாவிடம் அறிவித்தேன். "அப்ப நாப்பது நாளும் உங்க மூஞ்சிய நான்தான் சகிச்சிக்கணும்" என்றாள். கட்டிய மனைவியின் ஊக்கம்.

7 மார்ச், வெள்ளி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிட வேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. சிக்கிய பிளாஸ்டிக்கை எடுக்கும்போதெல்லாம் நின்று நின்று ஓடினால் வேலை சுணங்குகிறது என்று, அந்தச் சுவிட்சை அமுக்கி கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் நாடாவால் கட்டி வைத்தவன் நான். நான்தான். விபத்துக்குப் பிறகு விசாரித்தார்கள். தெரியாது என்றேன். ஒரே ஒரு சொல். அந்த வாரம் அந்த மெஷினைப் பழுது பார்த்தவன் ஹாரிஸ் என்பதால் பழி அவன் தலையில் விழுந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். என் கையைக் காப்பாற்றியவன் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

நானோ காப்பியை விட்டிருக்கிறேன்! என்ன ஒரு தியாகம்.

12 மார்ச், புதன்

ஹாரிஸுக்கும் இது நோன்பு மாதம், மலாயில் புவாசா. பேக்கிங் பக்கம் போனபோது, "என்னண்ணே, நீங்களும் புவாசாவா?" என்று சிரித்தான். காப்பி மட்டும்தான் விட்டிருக்கிறேன் என்றேன். "அப்ப தண்ணியாச்சும் குடிங்க லா, முகம் வாடிக் கெடக்கு." நாவு வறண்டு கிடப்பவன் எனக்குச் சொல்கிறான்.

20 மார்ச், வியாழன்

சோதனைக்காரன் கொம்பும் வாலுமாக வருவான் என்று ஞாயிறு பள்ளியில் படம் காட்டினார்கள். என்னிடம் ரொம்ப மரியாதையாகத்தான் வருகிறான். ஹாரிஸ் இளைஞன், எழுந்து கொள்வான், உனக்கு ஐம்பத்திரண்டு வயது என்கிறான். கர்த்தர்தான் மன்னித்துவிட்டாரே, மனிதனிடம் வேறு சொல்ல வேண்டுமா என்கிறான். இதில் வேடிக்கை, அந்தக் கடைசிக் கேள்வி என் ஜெபத்தில் என் வாயாலேயே வந்தது.

31 மார்ச், திங்கள்

பெருநாள். ஜெலுத்தோங்கில் ஹாரிஸின் அடுக்குமாடி வீட்டுக்கு நானும் பிரமிளாவும் போனோம். வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாஃப் ஸாஹிர் பாத்தின், அண்ணே" என்றான். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லும் பெருநாள் வார்த்தை. வருகிற எல்லாரிடமும் சொல்வதுதான். ஆனால் அவன் கையை விடவில்லை.

"அன்னிக்கு பட்டன அடிச்சிட்டு உங்கள ரொம்ப அசிங்கமா ஏசிட்டேன். வயசுல மூத்தவரு. மனசுல வெச்சுக்காதீங்க."

அவன் காப்பாற்றிய கை. அதையே பிடித்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்! நான் என்ன செய்தேன்? "பரவால்ல தம்பி" என்றேன். நான் மன்னித்தேனாம்! நெய்ச்சோறும் ரெண்டாங் கறியும் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன். த்தூ.

3 ஏப்ரல், வியாழன்

பேச்சுக்குத் தயார் செய்ய உட்கார்ந்தேன். கள்ளன் கடைசி நேரத்தில் கேட்டான், பரதீசு கிடைத்தது — இத்தனை வருடமாக இப்படித்தான் கேட்டு வந்திருக்கிறேன். இன்று வேறொன்று கண்ணில் பட்டது. கேட்பதற்கு முன்னால் அவன் இரண்டு காரியம் சொல்கிறான். எனக்கு வந்தது எனக்குத் தகும். இந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. அதற்கப்புறம்தான் தன்னை நினைத்துக்கொள்ளச் சொல்கிறான். நான் அந்த இரண்டையும் தாண்டி நேரே கடைசிக்கு ஓடியிருக்கிறேன்.

பிரமிளாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "இத வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டுத்தான் காப்பிய விட்டீங்களா?" என்றாள். அடுப்படிக்குப் போய்க் காப்பி கலக்கி வந்து முன்னால் வைத்தாள். "மொதல்ல இதக் குடிங்க. அப்புறம் ஹாரிஸுக்குப் போன் போடுங்க."

குடித்தேன். இப்படி ஒருத்தியை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி.

4 ஏப்ரல், வெள்ளி

போனில் வேண்டாமென்று, பேக்கிங் பக்கம் போய் ஹாரிஸிடம் நேரில் சொன்னேன்.

"தெரியும்ணே. கேபிள் டை வால வெட்டாம விட்ருந்துச்சு. நான் கட்டுனா வெட்டிருவேன். வெட்டாம விடறது நீங்கதான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கட்டுனத நான் பார்க்கலியே. பார்க்காததுக்கு எப்படி சாட்சி சொல்றது?" கையிலிருந்த டேப்பை ஒரு பெட்டியில் ஒட்டி முடித்தான். "கோவம் இருந்துச்சுண்ணே. பெருநாளைக்குச் சொல்வீங்கன்னு நெனச்சேன்."



8 ஏப்ரல், செவ்வாய்

பினாங்கில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது. விடுப்பு கேட்டு எழுதிய பாரத்தை நீட்டியபோது மேலாளர் புவான் காமாரியா காரணம் கேட்டார். சபையில் பேச வேண்டும் என்றேன். எதைப் பற்றி என்றார், சும்மா மரியாதைக்கு. ஒரு கள்ளனைப் பற்றி என்று ஆரம்பித்தவன், சுவிட்சைக் கட்டியது நான் என்று மலாயில் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பாரத்தையும் வைத்தார், கையெழுத்தில்லாமல்.

10 ஏப்ரல், வியாழன்

மறுவிசாரணை 18ஆம் தேதி, காலை பதினொன்றரை மணிக்கு. பெரிய வெள்ளியன்றேதான். ஆராதனை பன்னிரண்டுக்கு, பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில். பாஸ்டருக்குப் போன் செய்து காரணத்தையும் சொன்னேன். வெட்கத்தில் செத்தே போனேன்.

"பிரசங்கத்த நான் பார்த்துக்கறேன்" என்றார். "ஆனா ஈஸ்டருக்கு வாங்க. சாட்சியத் திருத்தணும் லா, பிரதர்."

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கேபிள் டை இருந்தது. வால் வெட்டாமல். எதிரே மூன்று பேர். சுவரோரம் ஹாரிஸ்.

"நான்தான் கட்டினேன். கேட்டபோது பொய் சொன்னேன். என்ன தண்டனை கொடுத்தாலும் எனக்குத் தகும். ஹாரிஸ் ஒரு தப்பும் செய்யவில்லை."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. சபையில் பேசுவதற்கு இருபது நிமிடத்துக்குத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஹாரிஸ் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினான். நான் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து, அழுதேன். சந்தோஷமாகத்தான்.

20 ஏப்ரல், ஞாயிறு

"மெஷின் தானாக நிற்கவில்லை" என்று ஆரம்பித்தேன். முடித்தபோது கைதட்டல் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பிரமிளா மட்டும் "ஆமென்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

5 மே, திங்கள்

கடைசி எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. இன்றிலிருந்து நான் பேக்கிங்கில். ஹாரிஸ் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டான்.

பத்து மணி ஓய்வுக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பி இரண்டுடன் வந்தான். என் பெட்டிகளைப் பார்த்தான். "என்னண்ணே, டேப்ப இவ்ளோ கோணலா ஒட்டி வெச்சிருக்கீங்க. இப்படி இழுத்துப் புடிங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தான். டேப் பெட்டியை விட்டுவிட்டு என் விரல்களில் ஒட்டிக்கொண்டது. சிரித்தபடியே ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான். பத்து விரலும்.

சாப்பாட்டு நேரத்து ஜெபத்தில் அவன் பெயரையும் சொன்னேன்.