சிவப்புப் புள்ளி வைத்த கோப்பை

2008 மாசி 12, செவ்வாய்

அம்மாவின் ஈரலில் பல வருடங்களாக ஒரு வைரஸ் இருக்கிறது. அதனால் பெரியம்மா அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பையில் மட்டும் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார். அவருடைய வீட்டில் ஒதுங்கியிருக்கிறோம் என்பதற்காக இப்படியும் செய்யலாமா?

இன்று கிளினிக்கில் டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். "பிள்ளை, ஈரலில நோய்பட்ட கலங்கள், அதுதான் செல்கள், கண்ணுக்குத் தெரியாத சின்னப் பைகளை இரத்தத்தில விடும். அதுகளை வாங்கிற, நோயை எதிர்க்கிற காவல் கலங்கள் சோர்ந்து போயிடும். நோய் போகாமல் கிடக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா கோப்பையால ஒருத்தருக்கும் தொத்தாது."

மூன்று சோதனைச் சாவடிகளில் பஸ்ஸால் இறங்கி ஏறிப் பாலையூற்று வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"எட்டாம் வகுப்போட நிண்டவ எனக்குப் படிப்பிக்க வந்திட்டா!" என்று அவர் சீறினார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "விடு பிள்ளை" என்றார். அவரையும் அல்லவா சோர வைத்துவிட்டார்கள்!

பெரியம்மா கோயிலுக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்தேன். அந்தப் புள்ளியைத் தவிர ஆறு கோப்பைகளும் ஒரே மாதிரி. அவருடைய நகப்பூச்சை எடுத்து மற்ற ஐந்திலும் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

எங்களை வெளியே போகச் சொல்லுவாரோ தெரியாது. காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது, எது அம்மாவுடையது என்று அவர் தேடட்டும்.